பொன்னுக்கும் ஒரு மச்சம்

கோவையிலிருந்து அவிநாசி சென்று பெருங்கருணை நாயகியையும் அவிநாசியப்பரையும் தரிசிக்கும் அன்பர்கள், அங்கிருந்து திருப்பூர்ச் சாலையில் சிறிது தூரத்திலேயே உள்ள திருமுருகன்பூண்டியையும் வணங்கித் திரும்புவது வழக்கம். தேவாரப் பாடல் பெற்ற கொங்கு ஏழு தலங்களுள் இது ஒன்று. உளியோசை ஓயாத சிற்பிகளின் ஊர். முருகப் பெருமான் வழிபட்ட முருகநாதேசுவரர் குடிகொண்ட ஊர். இவற்றோடு, கொங்கு நாட்டின் மிகப் பழைய வழிப்பறி வழக்கு ஒன்று பதிவாகியுள்ள ஊரும் இதுவே. பதிவு செய்தவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். பதிவேடு, ஏழாம் திருமுறை.

சேரமான் பெருமாள் நாயனாரின் விருந்தினராகக் கொடுங்கோளூரில் தங்கியிருந்த சுந்தரர், ஆரூர்ப் பெருமானின் நினைவு மேலிட விடைபெற்றுப் புறப்படுகிறார். சேரமான் தம் கருவூலத்துப் பொன்னையும் மணியையும் ஆடைகளையும் ஆள்களின் தலைச்சுமையாக ஏற்றி உடன் அனுப்புகிறார். பூண்டியை அடுத்த காட்டுவழியில் வேடர்கள் வழிமறித்து அத்தனையையும் பறித்துக் கொள்கிறார்கள். வேடர் வடிவில் வந்தவை சிவபூதங்கள் என்பதைச் சேக்கிழார் நமக்குச் சொல்லிவிடுகிறார். பறிகொடுத்தவருக்கு அது தெரியாது. அவர் நேரே கோயிலுக்குள் சென்று, வில்லோடு வேடர் திரிந்து வழிப்போக்கரைக் கொள்ளையிடும் இந்த ஊரில் எம்பெருமானே நீர் எதற்காக இருக்கிறீர் என்று உரிமையோடு கேட்கிறார். பதிகம் முடிவதற்குள் பறித்த பொருள் முழுவதும் கோயில் வாயிலில் வந்து குவிகிறது. பொருள் இருக்கும் இடத்தைக் கூப்பிட்டுக் காட்டியவர் விநாயகர் என்று இப்பகுதியில் ஒரு வழக்குண்டு. அவருக்குக் 'கூப்பிடு விநாயகர்' என்றே பெயர். மாசித் திருவிழாவில் இந்த வேடுபறி இன்றும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது.

இந்த வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் அடியேனுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. திரும்பி வந்த பொருளைச் சுந்தரர் எண்ணிப் பார்த்தாரா? கொடுத்தவனே திருப்பிக் கொடுக்கும்போது எண்ணுவானேன் என்று அடியார்கள் சொல்லக்கூடும். ஆனால் சுந்தரர் பொன் விஷயத்தில் மிகவும் விவரமானவர். அதற்கு வேறொரு தலத்தில் சான்று இருக்கிறது, பின்னர் வருவோம்.

சுந்தரர் வந்த வழியை முதலில் பார்ப்போம். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டில் நுழைந்து, நொய்யலாற்றை ஒட்டிப் பேரூர், வெள்ளலூர், சூலூர் என்று கிழக்கே நகர்ந்து, கொடுமணல் வழியாகக் கருவூர் வரை செல்லும் பெருவழி மிகப் பழையது. மிளகும் துணியும் படியூர்ப் பகுதியின் நீலப்பச்சைக் கற்களும் இவ்வழியே சென்றன; உரோமாபுரியின் பொன்னும் வெள்ளியும் இவ்வழியே வந்தன. கோவையை அடுத்துள்ள வெள்ளலூரில், 1842-ஆம் ஆண்டு ஒரு முறையும் 1891-இல் மறுமுறையும், ஒவ்வொரு தடவையும் ஐந்நூறுக்கு மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு பேரரசர்களின் முகம் பொறித்தவை. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தவர்கள் கைகளில் மாக்கோதை, கொல்லிப்பொறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகளே சிக்கின. நாணய அறிஞரும் தினமலர் ஆசிரியராக இருந்தவருமான இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் அவற்றைப் படித்துச் சொன்ன பிறகே, சங்கப் பாடல்களில் மட்டும் வாழ்ந்த சேரர்களின் முகத்தை நாம் உலோகத்தில் பார்த்தோம்.

ஆகவே கொங்கு நாட்டு வீடுகளிலும் கோயில்களிலும் பழங்காசு இருப்பது வியப்பன்று. பாட்டி காலத்துக் காசுமாலை, பூஜையறைச் சிமிழில் இருக்கும் இராமர் பட்டாபிஷேகக் காசு, உண்டியலில் எவரோ போட்டுச் சென்ற தேய்ந்த செப்புக்காசு என்று ஏதோ ஒன்று இருக்கும். அது களவு போனால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் கவலை.

காவல் நிலையத்தில் ஒருவர் வந்து, 'என் தகப்பனார் சேர்த்த காசுத் தொகுப்பைக் காணவில்லை' என்று முறையிடுகிறார் என்று கொள்வோம். ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்வி 'யார் மேல் சந்தேகம்?' என்பதாக இருக்கும் என்று நாம் நினைப்போம். அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: 'உங்கள் காசு என்பதற்கு என்ன அடையாளம்?' வந்தவர் திகைப்பார். பழைய காசு, வட்டமாக இருக்கும், ஒரு பக்கம் யானை இருக்கும் என்பார். அப்படிப்பட்ட காசுகள் ஊரில் ஆயிரம். திருடன் நாளையே பிடிபடலாம்; அவன் மடியிலிருந்து ஐம்பது காசுகளும் கைப்பற்றப்படலாம். 'இவை என் பாட்டனார் கொடுத்தவை' என்று அவன் சொன்னால், இல்லை என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியவர் அந்த ஆய்வாளர். பொற்காசானால் இன்னும் மோசம். உலையில் வைத்தால் சிறிது நேரத்தில் மன்னனும் இலச்சினையும் எழுத்தும் போய், எடை மட்டும் மிஞ்சும். உருகிய பொன்னுக்கு ஊருமில்லை, பேருமில்லை.

ஆனால் உருகாத காசுக்கு அடையாளம் இல்லாமற் போகாது. அக்காலக் காசுகள் இயந்திரத்தில் அச்சானவை அல்ல. அச்சை வைத்துச் சம்மட்டியால் கையால் அடித்தவை. ஒன்றில் உருவம் சற்று இடப்புறம் ஒதுங்கியிருக்கும். இன்னொன்றில் விளிம்பு பிளந்திருக்கும். வேறொன்றில் பின்பக்க உருவம் முன்பக்கத்துக்கு நேராக அமையாமல் சாய்ந்திருக்கும். ஒரே அச்சில் அடித்த இரு காசுகளும் இரட்டைப் பிள்ளைகளைப் போலத்தான். பெற்றவள் கண்ணுக்கு வேறுபாடு தெரியும். புதுக்கோட்டைச் சீமையில் 1898-இல் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் மிகப் பலவற்றின் மேல், பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகிறது. இனி இது காசாகச் செல்லாது, உலோகமாகவே மதிக்கப்படும் என்று காட்டுவதற்காக வெட்டியிருக்கலாம் என்பர் ஆய்வாளர். காரணம் எதுவாயினும், ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு விதம். காவல்துறைப் படிவங்களில் 'அங்க அடையாளம்' என்ற இடத்தில் மச்சம், தழும்பு என்று எழுதுகிறார்களே, காசுகளுக்கும் அவை உண்டு. களவு போவதற்கு முன் அவற்றை ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மச்சம் என்றதும், மேலே நிறுத்தி வைத்த சுந்தரர் சான்றுக்கு வந்துவிட்டோம்.

திருமுதுகுன்றம் எனப்படும் விருத்தாசலத்தில் இறைவன் சுந்தரருக்குப் பன்னீராயிரம் பொன் அருளினார். இதைத் திருவாரூருக்குச் சுமந்து செல்வது எவ்வாறு என்று கேட்டபோது, இங்கே மணிமுத்தாற்றில் இட்டு, அங்கே கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்பது திருவாக்கு. இட்டார். ஆனால் இடுவதற்கு முன் அந்தப் பொன்னிலிருந்து சிறிது மச்சம் வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. மச்சம் என்பது பொன்னின் தரத்தை ஒத்துப் பார்ப்பதற்காக எடுத்து வைக்கும் மாதிரித் துண்டு. பொற்கொல்லர் வழக்குச் சொல். சொன்னவர் சாட்சாத் சிவபெருமான். கேட்டவர் தம்பிரான் தோழர். ஆயினும் மாதிரி வேண்டியிருந்தது! ஆரூரில் பரவையார் அருகிருக்கக் குளத்தில் தேடி எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடி வேண்ட, மாற்றும் சரியாயிற்று. உரைத்துப் பார்த்துக் கொடுத்தவராகக் கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் இன்றும் எழுந்தருளியுள்ளார். கையில் மச்சம் இல்லாதிருந்தால் குறை இருப்பதே தெரிந்திராது.

அந்த விருத்தாசலத்திலேயே நம் காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். விருத்தகிரீசுவரர் கோயில் கோட்டத்தில் இருந்த சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிற்பம் காணாமற் போய், கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் போய் நின்றது. 2004-இல் அதை வாங்கியபோது, இது பல ஆண்டுகளுக்கு முன்பே முறையாக இந்தியாவை விட்டு வெளியேறியது என்று காட்டும் தாள்களும் உடன் வந்தன. தாள்களை எவரும் எழுதலாம். ஆனால் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னொரு காலத்தில் ஊர் ஊராகச் சென்று கோயில் மூர்த்திகளை ஒளிப்படம் எடுத்து வைத்திருந்தனர். அந்தப் படத்தில் விருத்தாசலம் கோட்டத்தில் நிற்பவரும் சிட்னியில் நிற்பவரும் ஒருவரே என்பது வெளிப்பட்டது. சுந்தரர் கையில் இருந்தது பொன் துண்டு. இங்கே அதன் இடத்தில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம்.

அதே வணிகரின் வழியாகச் சென்றவர்தான் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் நடராஜப் பெருமான். வழிபாடு நின்று பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து 2006-இல் களவாடப்பட்டார். களவு ஊராருக்குத் தெரிய வந்தது 2008-இல்! அவ்வாண்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. 1983-இல் தொடங்கப்பட்ட தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இவ்வழக்கை எடுத்தது. உள்ளூரில் பூட்டை உடைத்தவர்களில் தொடங்கி, இடைத்தரகர்கள், ஏற்றுமதி செய்தவர்கள் என்று கண்ணி கண்ணியாகப் பற்றிச் சென்ற விசாரணை, நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடம் போய் நின்றது. 2011 அக்டோபரில் அவர் ஜெர்மனியின் பிராங்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். 2012 ஜூலையில் தமிழகம் கொண்டுவரப்பட்டார். 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. நடராஜரும் அர்த்தநாரீசுவரரும் 2014 செப்டம்பரில், அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் கையால் புது தில்லியில் நம் பிரதமரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இங்கும் அடையாளத்துக்கு உதவியவை புதுச்சேரிப் படங்களே. இணையத்தில் படங்களை ஒப்பிட்டு உலகறியச் செய்த விஜயகுமார் போன்ற தன்னார்வலர்களின் உழைப்பும் இதில் சேர்ந்தது.

படமே இல்லாத மூர்த்தி என்றால்? அந்தச் சோதனையும் ஒரு முறை நேர்ந்தது.

1976-இல், அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், சிதைந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலின் அருகே மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவரின் கையில் நடராஜர் திருமேனி தட்டுப்பட்டது. நிலத்தில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதுவாயினும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். அவர் அறிவிக்கவில்லை, சில நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். கைமாறிக் கைமாறி 1982-இல் லண்டனில், கனடா நாட்டு நிறுவனம் ஒன்று இரண்டரை இலட்சம் பவுனுக்கு வாங்கியது. செப்பனிடுவதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த நேரத்தில் லண்டன் மாநகரக் காவல்துறை பெருமானைக் கைப்பற்றியது. வாங்கிய நிறுவனம் அந்தக் காவல்துறையின் மீதே வழக்குத் தொடுத்தது.

மண்ணுக்குள் பல நூற்றாண்டுகள் இருந்த மூர்த்திக்குப் பட்டியலும் கிடையாது, படமும் கிடையாது. லண்டனில் இருப்பவர் பத்தூர்க்காரர்தான் என்று எப்படி நிறுவுவது? பத்தூரில் அதே இடத்தில் பின்னர் வேறு சில செப்புத் திருமேனிகளும் கிடைத்திருந்தன. அவற்றின் வார்ப்பு முறையோடும் அணியமைப்போடும் லண்டன் நடராஜரை ஒப்பிட்டுத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். அதோடு நின்றதா? திருமேனியின் இடுக்குகளில் ஒட்டியிருந்த மண்ணும், உலோகத்தின் மேல் கறையான் ஊர்ந்து சென்ற தடமும் ஆராயப்பட்டன. களவாடியவர்கள் துடைத்துப் போட மறந்ததைக் கறையான்கள் எழுதி வைத்திருந்தன. வான்மீகநாதர் புற்றிடங்கொண்டு எழுந்தருளிய சோழ நாட்டுப் பெருமானுக்குப் புற்றுக்கட்டும் உயிர்களே சாட்சி சொல்ல வந்தன என்று ஓர் அன்பர் சொல்லக் கேட்டு மெய்சிலிர்த்தேன். காவலர் பார்வையில் அது தடயம், அவ்வளவே. இரண்டுக்கும் பகை இல்லை.

இவ்வழக்கில் உரிமை கோரியவர்கள் வரிசையில் இந்திய அரசும் தமிழக அரசும் கோயிலின் தக்காரும் இருந்தனர். கோயிலும் ஒரு வழக்காளி. பாழடைந்த கோயிலில் எஞ்சியிருந்த சிவலிங்கத் திருமேனியும் ஒரு வழக்காளி. 1988-இல் லண்டன் நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தியச் சட்டப்படி கோயில் உரிமை உடைய ஒரு நபரே, ஆகையால் இங்கிலாந்திலும் அது வழக்காடலாம் என்று உறுதி செய்தது. மண்ணிலிருந்து வெளிப்பட்ட பதினைந்தாம் ஆண்டில் நடராஜர் நாடு திரும்பினார்.

பதினைந்து ஆண்டுகள், பல இலட்சம் செலவு, கறையான் வரை ஆராய்ச்சி. ஒரு படமும் நான்கு வரிக் குறிப்பும் இருந்திருந்தால் இவ்வளவு தேவைப்பட்டிராது. இதை இராஜராஜ சோழன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தான் என்றுதான் தோன்றுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: திருமேனி அடிமுதல் முடிவரை எத்தனை விரல் உயரம், எத்தனை திருக்கரம், பீடம் எவ்வளவு, 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்த பொன் எத்தனை கழஞ்சு, ஆபரணத்தில் கோத்த முத்தில் குறையுள்ளவை எத்தனை என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். சிலருக்கு அது வறட்டுக் கணக்காகப் படும். களவை ஆராயும் அதிகாரி எவரிடமேனும் காட்டுங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இன்றைய அறநிலையத் துறைச் சட்டத்திலும் அதே ஏற்பாடு இருக்கிறது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு வேண்டும், அதில் நகைகளும் பாத்திரங்களும் எடையோடு குறிக்கப்பட வேண்டும் என்கிறது. பெரிய கோயில்களில் இது நடக்கிறது. கவலை சிறு கோயில்களைப் பற்றியது. கொங்கு நாட்டில் ஒவ்வொரு குலத்தாருக்கும் காணிக்கோயில் உண்டு. காட்டின் நடுவில், பனைமரங்களின் ஓரத்தில், அமாவாசைக்கும் ஆண்டுப் பொங்கலுக்கும் மட்டும் கூட்டம் கூடும் அம்மன் கோயில்கள் அவை. உற்சவ மூர்த்தி ஒரு பங்காளி வீட்டில். அம்மனின் பொட்டும் காசுமாலையும் வேறொரு பங்காளி வீட்டுப் பெட்டியில். பெட்டியில் என்ன இருக்கிறது என்பது அந்த வீட்டுப் பெரியவருக்கு மனப்பாடம். அவர் காலம் முடிந்தால்? ஸ்ரீபுரந்தானில் இரண்டு ஆண்டு எவருக்கும் தெரியாமல் போனதைப் போல, இங்கும் அடுத்த பொங்கல் வரை தெரியாது. தெரிந்தாலும் பங்காளிகளுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். போன பொன்னைக் காட்டிலும் அந்தப் பார்வை செய்யும் கேடு பெரிது, தலைமுறைக்கும் ஆறாது.

அடுத்த முறை குலதெய்வம் கோயிலில் கூடும்போது, பொங்கல் பானை பொங்குவதற்குள் முடிந்துவிடும் வேலை இது. அம்மன் நகைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, பங்காளிகள் அனைவரும் பார்த்திருக்க ஆசாரியைக் கொண்டு நிறுக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு காசையும் முன்பக்கம், பின்பக்கம் என்று அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். எல்லோர் கையிலும்தான் கைப்பேசி இருக்கிறதே. மூர்த்தியை நான்கு புறமும், பீடத்தின் அடிப்பக்கத்தையும், தேய்ந்த மூக்கையும் ஒடிந்த விரலையும் விட்டுவிடாமல் எடுங்கள். பழங்காசுகளைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம்; அழுக்கோடு அடையாளமும் போய்விடும். பட்டியலில் தேதியிட்டு ஐவர் கையெழுத்திடட்டும். ஒரு படி ஊர்க் காவல் நிலையத்துக்கு, ஒரு படி வெளியூரில் இருக்கும் பங்காளிக்கு. இன்னொரு படியை நகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பெட்டியோடு அதுவும் போய்விடும்.